அனுமதி கேட்ட பெட்டி

செருப்பை வாசல்லயே விட்டுட்டு வாங்க சார். அந்த நாற்காலி வேணாம், அதுல ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. தர்மபுரியிலேருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கீங்க, முதல்ல தண்ணி குடிங்க. நோயாளிகள் சங்கத்துலேருந்து போன் பண்ணிச் சொன்னாங்க. உங்க வீட்டம்மாவுக்குக் கை கால் போயிடுச்சு, பேச்சும் போயிடுச்சு, கண்ணு மட்டும் நல்லா இருக்குன்னாங்க. எங்க அண்ணனுக்கும் அதே நோய்தான். தனசீலன்னு பேரு. இங்க ஆத்தூர்ல பால் சங்கத்துச் செயலாளரா இருந்தாரு. நாலு வருசம் படுக்கையில. இந்தப் பிப்ரவரியில போயிட்டாரு.

இதான் அந்த லேப்டாப். திரைக்குக் கீழ நீளமா ஒட்டியிருக்கு பாருங்க, அதான் கண் கேமரா. பார்வை எந்தக் கட்டத்துல நிக்குதோ அந்த வார்த்தையைப் பேசும். தண்ணி, வலிக்குது, திருப்பிப் படுக்க வை, எல்லாம் கட்டம் கட்டமா இருக்கும். எழுத்துப் பலகையும் இருக்கு, ஒவ்வொரு எழுத்தாப் பாத்துப் பாத்து எழுதலாம். வலது பக்கம் மேல சிவப்புக் கட்டம், அது மணி. ரெண்டு செகண்ட் பாத்தாப் போதும், நாலு வீடு தள்ளிக் கேக்கும்.

நீங்க தாராளமா எடுத்துட்டுப் போங்க. ஆனா நான் சொல்றதை முழுசாக் கேட்டுட்டுத்தான் எடுத்துட்டுப் போகணும். ஏன்னா வெளியில என்னைப் பத்தி ஒரு கதை ஓடுது. சங்கத்துலயும் காதுல போட்டிருப்பாங்க. இல்லையா? சரி, போட்டிருந்தாலும் நீங்க சொல்ல மாட்டீங்க.

நான் குணாளன். சேலத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ் லேப்ல கம்ப்யூட்டர் பராமரிப்பு. பதினாறு வருசமா லினக்ஸ்தான் சார், கம்ப்யூட்டரை ஓட்டற இலவச சிஸ்டம். வேற எதையும் தொட்டதில்லை. அண்ணனுக்குப் பேச்சு குழற ஆரம்பிச்சதும் டாக்டர் சொன்னாரு, இப்பவே அவர் குரலை எடுத்து வெச்சுக்குங்கன்னு. நானே ஒரு மைக் வாங்கிட்டு வந்து இதே ரூம்ல உக்கார வெச்சு நாப்பது வார்த்தை பதிவு பண்ணினேன். ஒரு வார்த்தைக்குப் பத்து தடவை சொல்ல வேண்டியிருந்துச்சு, பாவம். ஆனா நாப்பதும் அவரோட சொந்தக் குரல். கடைசியா என்ன பதிவு பண்ணணும்னு கேட்டேன். "கோதை"ன்னாரு. எங்க அண்ணி பேரு பூங்கோதை. அதைக் கொண்டுபோய் நடுக்கட்டத்துல வெக்கச் சொன்னாரு. எந்தப் பக்கம் பாக்கறதுக்கும் நடுவைத் தாண்டித்தான் போகணும், அவளைத்தான் அடிக்கடி கூப்பிடுவேன், அங்கயே இருக்கட்டும்னாரு.

இப்ப நான் சொல்ல வர்ற விசயம். லினக்ஸ்ல ஒரு புரோகிராமைப் போடறதுக்கு மூணு வழி இருக்கு. ஒண்ணு, சிஸ்டத்தோட சொந்தக் கிடங்குலேருந்து எடுக்கறது. அது நம்பிக்கையான சரக்கு, ஆனா பழசு. இந்தப் புரோகிராம் அங்க நாலு வருசம் பின்னால இருந்துச்சு, தமிழே வராது. ரெண்டாவது, ஒத்தை ஃபைல். டிபன் கேரியர் மாதிரி எல்லாத்தையும் தனக்குள்ளயே வெச்சிருக்கும். எந்த கம்ப்யூட்டர்ல வேணா காப்பி பண்ணு, திற, ஓடும். மூணாவதுதான் பெட்டி. அதுவும் எல்லாத்தையும் உள்ள வெச்சிருக்கும், ஆனா சுத்தி வேலி இருக்கும். வெளிய இருக்கற ஃபைலைத் தொடணுமா, கேமரா வேணுமா, மவுஸை நகர்த்தணுமா, ஒவ்வொண்ணுக்கும் அனுமதி கேக்கணும். புதுசு வந்தா அதுவே இழுத்துக்கும். இடம் நிறைய பிடிக்கும், மூணு ஜி.பி. போச்சு. போகட்டும். பாதுகாப்புன்னா அதான் பாதுகாப்பு. எங்க லினக்ஸ் கூட்டத்துல இதைப் பத்தி ஒரு மணி நேரம் பேசியிருக்கேன், கை தட்டினாங்க.

அண்ணனுக்கு முதல்ல போட்டுக் குடுத்தது அந்த ஒத்தை ஃபைல். மூணு வருசம் ஓடுச்சு. நல்லா ஓடலைன்னு நான் சொல்லவே இல்லையே. ஆனா அதை எழுதினவங்க புதுப்பிக்கறதை நிறுத்தி ரெண்டு வருசம் ஆச்சு. உள்ள இருக்கற துணை சாமான்ல ஓட்டை இருக்குன்னு அறிவிப்பு வந்திருந்துச்சு. வேலியும் கிடையாது, நினைச்சா கம்ப்யூட்டர்ல எதை வேணா படிக்கும். ஒரு படுத்த படுக்கையா கிடக்கற மனுசன் கம்ப்யூட்டர்ல திருடறதுக்கு என்ன இருக்குன்னு அண்ணி கேட்டாங்க. அப்படி எல்லாரும் கேட்டா அப்புறம் நாங்க எதுக்கு இருக்கோம்.

அதுக்கு மேல, போன டிசம்பர்ல நான் சிஸ்டத்தைப் புதுசு பண்ணினப்ப அந்த ஒத்தை ஃபைல் திறக்கவே இல்லை. எல்லாத்தையும் உள்ள வெச்சிருந்தாலும் அதைத் திறந்து விடறதுக்கு மட்டும் சிஸ்டத்துல ஒரு பழைய துணை ஃபைல் வேணும், புதுசுல அதை எடுத்துட்டாங்க. ஒரு மணி நேரத்துல தேடிப் போட்டுச் சரி பண்ணிட்டேன். ஆனா அந்த ஒரு மணி நேரம் அண்ணன் மேல கூரையைப் பாத்துட்டே கிடந்தாரு. அண்ணி பக்கத்துல நின்னு, தண்ணியா, வலியா, கொசுவா, முதுகான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஆமான்னா ஒரு தடவை கண்ணை மூடணும். அன்னைக்கு அவரு மூடவே இல்லை. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்த ஒத்தை ஃபைலை நம்பி இனிமே இருக்க முடியாது, பெட்டிக்கு மாத்திடணும்னு.

அண்ணன்கிட்ட சொல்லாம செஞ்சேன்னு பேசறாங்க. பொய். சொன்னேன். அரை மணி நேரம் விளக்கினேன். அவரு எழுத்து எழுத்தாப் பாத்து எழுதினாரு: "நல்லாத்தானே இருக்கு. கை வைக்காதே குணா." நோயாளிக்குப் புதுசுன்னா பயம் இருக்கத்தான் செய்யும். உங்க வீட்டம்மாவும் அப்படித்தான் சொல்லுவாங்க, பாருங்க. நாமதான் நல்லதைப் பாத்துச் செய்யணும்.

பொங்கல் லீவுல வந்து மாத்தினேன். சும்மா மாத்திட்டுப் போயிடலை சார். முதல்ல தமிழ் எழுத்தெல்லாம் வெறும் சதுரமா வந்துச்சு. அதைச் சரி பண்ணினேன். குரல் பதிவு இருக்கற இடம் பெட்டிக்குத் தெரியலை, அண்ணன் குரலுக்குப் பதிலா மிசின் பொம்பளை குரல்ல "வலிக்குது"ன்னு சொல்லுச்சு. அண்ணி வெளிய போயிட்டாங்க. அதுக்கும் அனுமதி குடுத்தேன், குரல் திரும்பி வந்துச்சு. கேமராவுக்கு அனுமதி குடுத்தேன். இதெல்லாம் ஒரு தடவை குடுத்தா நிலைச்சிடும்.

ஒண்ணே ஒண்ணுதான் நிலைக்காது. கண்ணால மவுஸை நகர்த்தற அனுமதி. அது பெரிய அதிகாரம் இல்லையா, அதனால புரோகிராம் ஒவ்வொரு தடவை தொடங்கும்போதும் திரையில கேக்கும். "இந்தச் செயலி உங்கள் சுட்டியைக் கட்டுப்படுத்த விரும்புகிறது. அனுமதி. மறு." ரெண்டு பட்டன். ஒரு தடவை அமுக்கணும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரை யாரு அணைக்கப் போறா, வருசம் முழுக்க ஓடிட்டேதான இருக்கும்.

புதுப்பிப்பு தானா நடக்கணும்னு வெச்சேன். நான் சேலத்துல இருக்கேன், தினமும் வர முடியுமா. சிஸ்டத்தோட அடிப்படையே மாறினா ஒரு தடவை அணைச்சுத் திறக்கணும், அதையும் தானா செய்யற மாதிரி வெச்சேன். எத்தனை மணிக்கு வெக்கறதுன்னு யோசிச்சேன் சார், யோசிக்காம இல்லை. ராத்திரி வெச்சா அவருக்கு எச்சில் அடைச்சு மணி அடிக்கற நேரம். விடிகாலையில அண்ணி அசந்து தூங்கற நேரம். அதனாலதான் பகல்ல, பதினோரு மணிக்கு வெச்சேன். எல்லாரும் முழிச்சிருக்கற நேரம், பக்கத்து வீட்டு ரமணியக்கா மிசின் தைச்சுட்டு இருப்பாங்க, மணி கேட்டா ஓடி வந்துடுவாங்க. இதைவிடச் சரியான நேரம் ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம்.

சோதிச்சும் பாத்தேன். மூணு தடவை அணைச்சு மூணு தடவை திறந்தேன். மூணு தடவையும் புரோகிராம் தானா வந்து நின்னுச்சு, அண்ணன் கண்ணை அசைச்சாரு, பேசுச்சு. பாஸ் போட்டுட்டேன்.

நீங்க கேக்க வர்றது புரியுது. அந்தக் கேள்வி வரலையான்னுதான. வந்திருக்கும் சார். மூணு தடவையும் வந்திருக்கும். நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். இந்த வேலையில ஒரு நாளைக்கு நூறு தடவை வரும் அந்தக் கேள்வி, கை பாட்டுக்கு அனுமதியை அமுக்கிட்டுப் போயிடும். கேள்வி வந்ததே மனசுல பதியாது. என் லேப்ல யாரை வேணா கேளுங்க, எல்லார் கையும் அப்படித்தான்.

பிப்ரவரி பதினெட்டு. செவ்வாய்க்கிழமை. அண்ணி பத்தரைக்குக் கிளம்பி கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, மூக்குல சாப்பாடு போற குழாய் மாத்தணும், புதுக் குழாய் வாங்கிட்டு வர. வேற நாள் போயிருக்கலாம். ரமணியக்காவைக் கூப்பிட்டு உள்ளயே உக்கார வெச்சுட்டுப் போயிருக்கலாம். நான் குறை சொல்லலை. ஆனா போயிருக்கலாமா இல்லையா. கேட்டா, மணி இருக்கே, மூணு வருசமா அந்த மணியை நம்பித்தானே போயிட்டு வர்றேன்னாங்க. அது சரி.

பதினோரு மணிக்குக் கம்ப்யூட்டர் தானா அணைஞ்சு தானா திறந்துச்சு. புரோகிராம் தானா எழுந்துச்சு. எல்லாம் நான் வெச்ச மாதிரியே நடந்துச்சு. பதிவு இருக்கு சார், கம்ப்யூட்டர் எல்லாத்தையும் எழுதி வெக்கும். பதினொண்ணு எட்டுக்குக் கேள்வி திரைக்கு வந்திருக்கு. கேள்விக்குப் பின்னாலதான் கட்டமெல்லாம் இருக்கு. தண்ணி இருக்கு, வலி இருக்கு, அந்தச் சிவப்பு மணி இருக்கு. எல்லாம் மங்கலாத் தெரியும், எதுவும் வேலை செய்யாது. கண்ணால அமுக்கறதுக்கு அனுமதி வேணும். அனுமதி குடுக்கறதுக்குக் கையால அமுக்கணும்.

அவருக்கு எச்சில் அடைச்சிருக்கு.

எத்தனை மணிக்குன்னு தெரியாது. அது பதிவுல இல்லை. டாக்டர் வந்து பாத்துட்டுப் பன்னிரண்டு வாக்குல இருக்கும்னாரு. ரமணியக்கா சுவத்துக்கு அந்தப் பக்கம் தைச்சுட்டுத்தான் இருந்திருக்காங்க. மணி அடிக்கலை, அதனால தூங்கறாருன்னு நினைச்சிருக்காங்க. அவங்க பேர்ல என்ன தப்பு.

நான் எழுதிக் கேட்டேன் சார், சும்மா விடலை. அந்தப் பெட்டி முறையைச் செய்யறவங்களுக்கு. எந்த நாட்டுக்காரங்களோ, சம்பளம் வாங்காம செய்யறவங்க. முழுசா எழுதினேன், நேரம் போட்டு, பதிவை இணைச்சு. ஒன்பது நாள் கழிச்சுப் பதில் வந்துச்சு. உங்க இழப்புக்கு வருந்தறோம், ஆனா இது பிழை இல்லை, இப்படித்தான் வடிவமைச்சிருக்கோம், எந்தப் புரோகிராமும் கேக்காம மவுஸைப் பிடிச்சுக்கக் கூடாது. அப்படின்னு எழுதி என் புகாரை மூடிட்டாங்க. அவங்க சொல்றது சரி. அதான் எனக்கு ஆத்திரமே. நான் அந்த இடத்துல இருந்தாலும் அப்படித்தான் எழுதுவேன். கூட்டத்துல கை தட்டினாங்களே, அன்னைக்கு நான் பேசினதும் அதேதான்.

தானாப் புதுப்பிக்கணும், சரி. அனுமதி கேக்கணும், சரி. ரெண்டும் தனித்தனியா சரிதான சார். எங்க தப்புன்னு எட்டு மாசமாத் தேடறேன்.

அண்ணி என்கிட்டப் பேசறதில்லை. நான் வாராவாரம் வர்றேன், சோறு வெச்சுட்டு உள்ள போயிடறாங்க. இந்த ரூமுக்கே வர்றதில்லை. நீங்க வர்ற சத்தம் கேட்டு இப்பவும் அடுப்படியிலதான் இருக்காங்க.

அவங்க கோபம் எதுக்குன்னு நினைக்கறீங்க? அண்ணன் போனதுக்குன்னு நினைச்சுட்டு இருந்தேன். அது இல்லை. ரமணியக்கா சொன்னப்புறம்தான் பதிவை மறுபடி எடுத்துப் பாத்தேன். பன்னிரண்டு நாப்பத்தொண்ணு: அனுமதி வழங்கப்பட்டது. அப்படின்னு இருக்கு. யாரு குடுத்தா? அண்ணிதான். வந்திருக்காங்க, அவர் முகத்தைப் பாத்திருக்காங்க. புரிஞ்சிருக்கும். இல்லை, புரிஞ்சும் மனசு ஒப்பலையோ என்னவோ. திரையில கேள்வி நிக்குது. அவரு ஏதோ சொல்ல வந்து நின்னுட்டாருன்னு தோணியிருக்கு. ஓடிப்போய் அனுமதியை அமுக்கியிருக்காங்க.

கண்ணு திறந்துதான் இருந்துச்சு சார். கேமராவுக்கு உயிரு தெரியாது, கண்ணு மட்டும்தான் தெரியும். நேரா நிலைகுத்தி நின்ன பார்வை. நேரான்னா நடுக்கட்டம்.

"கோதை"ன்னு கூப்பிட்டிருக்கு. அண்ணன் குரல்ல. ரெண்டு செகண்ட் விட்டு மறுபடி, "கோதை". அண்ணி கையைப் பிடிச்சுப் பாத்திருக்காங்க, கை சில்லுனு இருக்கு. "கோதை". நிறுத்தத் தெரியலை. பிளக்கைப் பிடுங்கிட்டாங்க, லேப்டாப்ல பேட்டரி இருக்கே, அது பாட்டுக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கு. ரமணியக்கா சத்தம் கேட்டு ஓடி வந்து மூடியை மூடற வரைக்கும் பதினாலு தடவை. எண்ணி வெச்சிருக்கு பதிவுல.

அனுமதி குடுத்த அடுத்த நிமிசமே வேலை செஞ்சிருக்கு, பாத்தீங்களா. புரோகிராம்ல ஒரு கோளாறும் இல்லை. அதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன்.

இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

சரி. உங்க விசயத்துக்கு வருவோம். இதுல இப்பவும் பெட்டிதான் இருக்கு, புதுப்பிச்சு சுத்தமா வெச்சிருக்கேன். தானா அணையறதை நிறுத்திட்டேன். கரன்ட் போயி பேட்டரியும் தீர்ந்து திரும்பத் திறந்தா மட்டும் கேள்வி வரும், அப்ப வீட்ல யாராவது ஒரு ஆள் அனுமதியை அமுக்கினாப் போதும். யாராவது இருப்பீங்கல்ல? நீங்க கண்டக்டர் வேலை, அஞ்சு மணிக்கு வண்டி எடுக்கணும். உங்க பொண்ணு? கட்டிக் குடுத்துட்டீங்க. அப்ப காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அவங்க ஒத்தையிலதானா. பக்கத்து வீட்ல வந்து எட்டிப் பாப்பாங்க. மணி கேட்டா வருவாங்க.

ம்.

என்ன கேட்டீங்க? பழைய ஒத்தை ஃபைலா? அது இல்லை சார். பெட்டி போட்ட அன்னைக்கே அழிச்சுட்டேன். ரெண்டும் இருந்தா குழப்பம். அதை எழுதினவங்க வச்சிருந்த பக்கமும் இப்ப இல்லை, வெளிய எங்க தேடினாலும் கிடைக்காது. நான் தேடலைன்னு நினைக்காதீங்க.

அண்ணி. வாங்க அண்ணி. இவருதான் தர்மபுரியிலேருந்து... என்னது இது? பென் டிரைவா? யாரோடது?

சார்கிட்டயே குடுங்க. எனக்கு வேணாம், சார்கிட்டக் குடுங்க.

கேட்டீங்களா சார் அவங்க சொன்னதை. "இதைப் போட்டுக்குங்கண்ணா. பழசு. குரலோட மொத்தமும் இதுல இருக்கு. தம்பி பொங்கலுக்கு வர்றதுக்கு முந்தின நாள் அவருதான் ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கச் சொன்னாரு. எழுத்து எழுத்தா எழுதிக் காட்டினாரு, எங்க போய் எதை அமுக்கறதுன்னு. இது பாட்டுக்குத் திறக்கும், யாரையும் எதுவும் கேக்காது." எட்டு மாசத்துல அண்ணி இவ்வளவு பேசி நான் கேக்கறது இதான் முதல் தடவை. அதுவும் உங்களைப் பாத்துத்தான் பேசினாங்க.

அண்ணன் எழுதிக் காட்டியிருக்காரு. நான் வர்றதுக்கு முந்தின நாள். என்னை நம்பலை அவரு. கூடப் பிறந்தவனை நம்பாம ஒரு காப்பி எடுத்து வெக்கச் சொல்லியிருக்காரு. எனக்கு இது தெரியாது சார். இப்பத்தான் தெரியுது.

இதுல ஓட்டை இருக்கு, வேலி கிடையாதுன்னு நான் சொல்லியாகணும். சொல்லிட்டேன். குடுங்க, நானே போட்டுத் தர்றேன். அந்தப் பழைய துணை ஃபைல் இந்த சிஸ்டத்துல இன்னும் இருக்கு, அதை மட்டும் எடுக்காம விட்டிருந்தேன். சொருகிட்டேன். இந்தா, இதான். தனசீலன்னு பேரு போட்டு வெச்சிருக்காங்க. காப்பி ஆகுது. ஆயிடுச்சு. இப்பத் திறக்கணும்.

இங்க ஒண்ணு வருது பாருங்க. இதுவும் கேக்கத்தான் செய்யுது அண்ணி. பயப்படாதீங்க, புது இடத்துல முதல் தடவை மட்டும், அப்புறம் ஜென்மத்துக்கும் கேக்காது. வெளியிலேருந்து வந்த ஃபைல், இயக்க அனுமதிக்கவான்னு கேக்குது. ரெண்டு பட்டன். அனுமதி, மறு.

சார், நீங்க அமுக்குங்க. அனுமதிங்கற பட்டனை. எனக்குக் கை வரமாட்டேங்குது.

ஒரு நிமிசம் சார். கேமரா உங்க முகத்தைத்தான் பாத்துட்டு இருக்கு. திறந்ததும் மேல பாருங்க, ஓரத்துல பாருங்க, எங்க வேணா பாருங்க. நடுவுல மட்டும் பாத்துடாதீங்க. அண்ணி இங்கயேதான் நிக்கறாங்க.